ஓசூர் முகவரி

அன்புத் தோழிக்கு,

கடத்தூரில் நம் ஸ்டுடியோ நடக்கிறது. ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாவற்றையும் பழைய கேமராவில்தான் எடுக்கிறேன்.

போன வாரம் ஒரு ஆன்லைன் கடையில் நல்ல கேமரா பாதி விலைக்குப் போட்டிருந்தார்கள். பணம் முழுவதையும் முன்னாடியே அனுப்பச் சொன்னார்கள். ஜிஎஸ்டி எண் கேட்டேன், பதில் இல்லை. போனையும் யாரும் எடுக்கவில்லை. ஓசூர் முகவரி ஒன்று இருந்தது. பஸ் ஏறி நேரில் போனேன்.

அங்கே இருந்தது மாவு மில்.

"கேமரா கடைங்களா? அப்படி ஒண்ணும் இங்க இல்லைங்க," என்றார் மில்காரர். "போன வருசமும் ஒரு பொண்ணு தர்மபுரி பக்கமிருந்து வந்துச்சு. பணம் கட்டியும் கேமரா வரலைன்னு இந்தப் படியில உக்காந்து அழுதுச்சு. நாந்தான் பஸ் ஏத்தி வுட்டேன்."

நெற்றியில் தழும்பு இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றார்.

போன வருடம் உன்னை ஏமாற்றியவர்கள் கடையின் பெயரை மாற்றியிருக்கிறார்கள், முகவரியை மாற்றவில்லை.

நீ அங்கே போனதை என்னிடம் சொல்லவில்லை. சொல்ல நான் விடவும் இல்லை. கேமரா வரவில்லை என்று நீ சொன்ன அன்றே, நம் இருவர் பணத்தையும் நீயே எடுத்துக்கொண்டாய் என்று உன் அம்மா முன்னால் சொன்னேன்.

அதனால் நேற்று இண்டூர் போய் முதலில் அவரிடம் சொன்னேன்.

"எம்மேலதான் தப்புங்கம்மா. அவ ஏமாந்துதான் போயிருக்கா."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். அவகிட்ட சொல்லு," என்று உன் முகவரியை எழுதிக் கொடுத்தார்.

சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன்னைத் திருடி என்றவள்