சனிக்கிழமை யாருக்கு

வடக்கனந்தல்
10.12.2024

அன்புள்ள பாப்பாத்திக்கு,

இங்கே நானும் இரண்டு ஆடுகளும் சுகம். நீயும் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. மலை மேல் உன் அம்மா ஊரில் டவர் கிடையாது. வெள்ளிமலைக்கு இறங்கி வரும் நாளிலும் என் நம்பரைப் பார்த்தால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் ஜீப் முனியன் கையில் இந்தக் கடிதம். அவன் பிரித்துப் படிக்காமலிருக்க நிறையவே பசை தடவியிருக்கிறேன்.

பெரிய சேதி ஒன்று. பொங்கலுக்கு அப்புறம் கள்ளக்குறிச்சியில் கடைக்காரர்கள் ஒரு வாரம் கச்சேரி நடத்துவார்களே, இந்த வருஷம் ஏழு நாளும் யார் யார் என்று தேர்ந்தெடுக்கிற பொறுப்பு எனக்கு. பெயிண்ட் கடை ஜமால் முகமது பாய்தான் செயலாளர். அவரே கூப்பிட்டுச் சொன்னார். "நம்மூர்ல ஆளே இல்லியா தொரை? நீ போய்க் கேட்டுப் பாத்து எடு. ஆனா ஒண்ணு, கூட்டம் எழுந்து போச்சின்னா அடுத்த வருஷம் பழையபடி வெளியூர் பார்ட்டிதான்."

அன்றிலிருந்து என் பைக் ஓய்ந்து நிற்கவில்லை. நேரில் உட்கார்ந்து கேட்காமல் ஒருவரையும் எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். ஞாயிறு எலவனாசூர்கோட்டை நாதஸ்வரம். அவர்களை எங்கேயும் நாற்காலி போடும் நேரத்தில் வாசிக்க விட்டு அனுப்பிவிடுவார்கள். இந்தத் தடவை மாலை முழுவதும் அவர்களுக்கே. திங்கள் பிரவீன்குமாரின் சினிமாப் பாட்டுக் குழு. பையனுக்குத் தலைக்கனம் உண்டு, ஆனால் கீபோர்டில் கை வைத்துவிட்டால் எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம். வாஜித்தும் அவன் அண்ணன் தம்பிகளும் தப்ஸ் அடித்துப் பாடுவது செவ்வாய்க்கு. தெருக்கூத்துக்காரர்களைப் பார்க்கப் போன அன்று கட்டியங்காரன் ஆட்டத்துக்கு நடுவில் என் தொப்பையைக் கிண்டல் பண்ணினான், அங்கேயே புதன்கிழமையைக் கொடுத்துவிட்டேன். வியாழன் பொன்னுரங்கத்தின் பறை. வெள்ளி தமிழழகனின் கிளாரினெட், அதைக் கேட்டால் நீ அழுவாய்.

சனி கடைசி நாள். அன்றைக்கு நம் பம்பைக் குழு. நீ போனதிலிருந்து பாட ஆளில்லாமல் ரம்யாவை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண் மேல் ஸ்தாயிக்குப் போனால் எனக்கே பயமாக இருக்கிறது. போன மாசியில் நோட்டீசில் உன் பெயர் இல்லாமல் 'தங்கதுரை மற்றும் குழுவினர்' என்று அச்சடித்ததற்காக ஒருத்தி வீட்டை விட்டே போவாளா? எல்லாக் குழுவிலும் அப்படித்தானே அச்சடிக்கிறார்கள். கோபத்தை விட்டுவிட்டு வந்து சேர்.

உன்
தங்கதுரை


10.12 கடிதத்துக்குப் பதில்
18.12.2024

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பசையைப் பிரிப்பதற்குள் பாதிக் காகிதம் கிழிந்துவிட்டது. முனியன் படிக்கவில்லை, ஆனால் வாயாலேயே எல்லாம் சொல்லிவிட்டுத்தான் கடிதத்தைக் கொடுத்தான். உங்களுக்கு இந்தப் பொறுப்பு கிடைத்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். நாதஸ்வரக்காரர்களுக்கு ஒரு மாலை முழுக்கக் கொடுத்தீர்களே, அதைப் படித்ததும் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். இரவில் குளிர்ந்த மோர் குடிக்காதீர்கள், மார்கழிப் பனி உங்கள் நெஞ்சுக்கு ஆகாது.

சனிக்கிழமை உங்கள் குழுவில் வந்து பாட எனக்கு விருப்பமில்லை. கோபமாகச் சொல்லவில்லை. நான் இங்கே ஒரு குழு சேர்த்திருக்கிறேன். எல்லாரும் பெண்கள். பச்சையம்மாளை உங்களுக்குத் தெரியும், நம் கல்யாணத்தில் உங்கள் மீசையைக் கேலி பண்ணினாளே, அவள்தான் எங்களில் மூத்தவள். சாமை குத்தும்போது பாடுகிற பாட்டுகள். பம்பை இல்லை, கீபோர்டு இல்லை. உரலும் உலக்கையும்தான் தாளம்.

ஏழு நாளில் ஒரு நாளை எங்களுக்குக் கொடுங்கள். எந்தக் கிழமையானாலும் சரி. நோட்டீசில் பாப்பாத்தி குழு என்று போட வேண்டும். பெண்டாட்டி என்று தர வேண்டாம். மற்றவர்களைக் கேட்டது போல வந்து கேளுங்கள், பிடித்திருந்தால் தாருங்கள். நான் பிறந்த மலையும் வாழ்க்கைப்பட்ட ஊரும் பார்க்க, என் பெயரில் ஒரு மேடை வேண்டும் மாமா. வேறொன்றும் கேட்கவில்லை.

அன்புடன்
பாப்பாத்தி


வடக்கனந்தல்
24.12.2024

அன்புள்ள பாப்பாத்திக்கு,

உரலையும் உலக்கையையும் மேடையில் ஏற்றினால் பலகை உடையும், என் பெயரும் அதோடு சேர்ந்து உடையும். கொஞ்சம் யோசித்துப் பார். டவுன் கூட்டம், அரிசியைப் பாக்கெட்டில் வாங்குகிறவர்கள். சாமை குத்துவதை யார் உட்கார்ந்து கேட்பார்கள்? அவர்கள் எழுந்து போனால் போவது நான் மட்டுமில்லை, அடுத்த வருஷம் நம்மூர்க்காரன் ஒருத்தனுக்கும் அந்த மேடை கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. "பாத்தியா, பொண்டாட்டிக்கு ஒரு நாள் ஒதுக்கிக்கினான்" என்று சொல்ல எத்தனை பேர் வாயைத் திறந்து வைத்திருக்கிறார்கள் தெரியுமா? வேண்டுமானால் ஒன்று செய்கிறேன். சனிக்கிழமை நம் நிகழ்ச்சிக்கு நடுவில் அரை மணி நேரம் உன் ஆட்கள் பாடட்டும். கரும்பு வெட்டு நடக்கிறது, மலைக்கு வர நேரமில்லை. பதில் எழுது.

தங்கதுரை


2.1.2025

மாமாவுக்கு,

புது வருஷ வாழ்த்து. அரை மணி நேரம் வேண்டாம்.

எலவனாசூர்கோட்டைக்குப் போனீர்கள். கூத்து பார்க்கப் போனீர்கள். வாஜித் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே தப்ஸ் கேட்டதாக முனியன் சொன்னான். பிரவீன்குமாரைக்கூட மூன்று தடவை போய்க் கேட்டீர்களாம். கேட்காமலேயே வேண்டாம் என்று நீங்கள் தள்ளியது என்னை மட்டும்தான்.

வருகிற ஞாயிறு வெள்ளிமலைச் சந்தையில் பாடுகிறோம். முதல் பஸ்ஸில் வந்தால் மதியத்துக்குள் கீழே இறங்கிவிடலாம். கேட்டுவிட்டு வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை பேசமாட்டேன். வராவிட்டால் இனிமேல் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

பாப்பாத்தி


வடக்கனந்தல்
6.1.2025

அன்புள்ள பாப்பாத்திக்கு,

நேற்று வந்தேன். உன் முன்னால் வந்து நிற்கத் தைரியம் வராமல் டீக்கடை ஓரமாக நின்றேன். பச்சையம்மாள் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன், சிரித்த சிரிப்பு அப்படி.

நான் கேட்டதை ஒரு பம்பைக்காரனாகச் சொல்கிறேன், புருஷனாக இல்லை. உலக்கைகள் மாறி மாறி விழுந்துகொண்டிருந்தன. நீ பாட்டில் ஒரு அடியைப் பிடித்து இழுத்தாய். இழுத்துக்கொண்டே போனாய். அத்தனை உலக்கையும் அந்தரத்தில் அப்படியே நின்றன. நீ முடித்து மூச்சு விட்டபின்தான் ஒன்றாக உரலில் இறங்கின. சந்தையில் மிளகு பேரம் பேசிக்கொண்டிருந்தவன் பேச்சை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

இத்தனை வருஷமாக நீ என் தாளத்துக்குள் பாடுகிறாய் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். நேற்றுதான் தெரிந்தது, நான் தாளத்தால் உன்னைத் துரத்தியிருக்கிறேன். உனக்கு இவ்வளவு நீளமான மூச்சு இருப்பதே எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை உனக்கு. கடைசி நாள், முழு மாலையும். என் குழுவை எடுத்துவிட்டேன். பாய் கொஞ்சம் குதித்தார். "பொண்டாட்டின்னு குடுத்தியா தொரை?" என்றார். "இல்ல பாய், பொண்டாட்டின்னுதான் இத்தினி நாளா குடுக்காம இருந்தேன்" என்றேன். 'வெள்ளிமலை பாப்பாத்தி குழு' என்று அச்சுக்குக் கொடுத்தாகிவிட்டது. உன் போட்டோ பெரிதாக வருகிறது.

மேடைப் பலகை உலக்கையைத் தாங்காது. அதனால் மைதானத்துக்கு நடுவில் தரையிலேயே இடம் விடச் சொல்லியிருக்கிறேன். மைக் மேலிருந்து தொங்கும். கடைசி பஸ் போய்விடும் என்று கவலைப்படாதே, உரலோடு உங்களையும் கொண்டுவந்து, முடிந்ததும் மேலே கொண்டுவிட முனியன் ஒத்துக்கொண்டான். கூட்டம் எழுந்து போனால் போகட்டும், என் காது சொல்வதை நான் நம்புகிறேன்.

தங்கதுரை


27.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

மலைக்கு வந்து சேர்ந்தோம். உரலை இறக்கும்போது முனியன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இனி ஜென்மத்துக்கும் கலைச்சேவை வேண்டாம் என்றான். அம்மா எல்லாருக்கும் களி கிண்டி வைத்திருந்தாள். இரண்டு நாளாக இங்கே வேறு பேச்சே இல்லை.

நீங்கள் ஓரத்தில் நின்றதால் சிலது பார்த்திருக்க மாட்டீர்கள், சொல்கிறேன். நாங்கள் தரையில் உரலைப் போட்டதும் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். "இன்னாடா இது, மாவு மில்லா?" என்று ஒருவன் கேட்டான். முதல் பாட்டுக்கு எங்கள் ஊரில் சுற்றி நிற்பவர்கள் பதில் அடி பாடுவார்கள். அங்கே ஒருத்தரும் பாடவில்லை. நான் அடியை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பச்சையம்மாள் "விடாத, இன்னொரு தபா எடு" என்றாள்.

மறுபடி எடுத்தேன். அப்போது முன் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. யார் தெரியுமா? பாய் வீட்டம்மா ஷர்புன்னிசா. அதற்கு அடுத்த தடவை அவர் வரிசை முழுக்கப் பாடியது. நடவுக்குப் போகிற பெண்கள் பின்னாலிருந்து ஏந்திக்கொண்டார்கள், அவர்களுக்கு இதெல்லாம் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்ன. நாலாவது அடியில் மைதானமே பதில் பாடியது மாமா. நாற்காலிகளை எல்லாரும் எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். கரும்பு லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு லோடின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். நான் மூச்சை இழுத்துப் பிடித்த இடத்தில் அத்தனை ஜனமும் சத்தமில்லாமல் காத்திருந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

ஒருத்தரும் எழுந்து போகவில்லை. அடுத்த வருஷமும் நம்மூர்க்காரர்கள்தான் என்று பாய் மைக்கில் சொன்னபோது உங்களைத் தேடினேன். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு உரலருகே வந்து "வூட்டுக்கு வந்துடு பாப்பாத்தி" என்றீர்கள். அத்தனை பேர் நடுவில் என்ன சொல்வது? அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

குழுவை நான் கலைக்கப் போவதில்லை. மாசி மாதத்துக்கு எலவனாசூர்கோட்டையிலும் இன்னும் சில ஊர்களிலும் கேட்டிருக்கிறார்கள். அம்மன் கோயில்களில் பம்பை இல்லாமல் நடக்காது. குரல் முடியும்வரை காத்திருக்கத் தெரிந்த ஒரு பம்பைக்காரர் எங்களுக்கு வேண்டும். ஞாயிறு வெள்ளிமலையில் ஒத்திகை. வந்து வாசித்துக் காட்டுங்கள். கேட்டுவிட்டுத்தான் எடுப்போம். புருஷன் என்று எடுத்தால் பச்சையம்மாள் விடமாட்டாள்.

பிடித்திருந்தால் அன்றைக்கே உங்களோடு பஸ் ஏறி வீட்டுக்கு வருகிறேன். பிடிக்காவிட்டாலும் வருவேன், ஆனால் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் சொல்லிக் காட்டிக்கொண்டே வருவேன்.

அன்புடன்
பாப்பாத்தி


வடக்கனந்தல்
30.1.2025

குழுத் தலைவி அவர்களுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன், ஆடுகளுக்கும் படித்துக் காட்டினேன். ரம்யாவுக்குச் சொன்னேன், நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். பம்பைக்குத் தோல் இறுக்கியாகிவிட்டது. வீட்டையும் கூட்டியிருக்கிறேன், பரண் மட்டும் பாக்கி.

காத்திருந்து வாசிக்க இரண்டு நாளாகத் தனியாகப் பழகுகிறேன். கை கேட்கமாட்டேன் என்கிறது, முன்னால் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகிவிடும். முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன். பச்சையம்மாளிடம் கொஞ்சம் இரக்கம் காட்டச் சொல்.

இப்படிக்கு
தங்கதுரை
பம்பை (கேட்டுவிட்டு எடுத்தால்)
வெள்ளிமலை பாப்பாத்தி குழு