எட்டுப் பேருக்கான பாக்கெட்

ஈசூன், சிங்கப்பூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள அத்தானுக்கு,

ரோஷினியின் வணக்கம். மாமா, அத்தை, பிள்ளைகள் எல்லாரும் சுகந்தானே? நான் நன்றாக இருக்கிறேன். ஆபீஸ் பரிசோதனையில் ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல் என்றார்கள். உப்பைக் குறைத்தால் போதுமாம், பயப்படாதீர்கள்.

அதற்காகவே தேக்கா கடையில் லேபிள் படித்துப் படித்து ஓமப்பொடி வாங்கினேன். உப்பின் அளவு அத்தனை குறைவாகப் போட்டிருந்தது! தினமும் ஒரு பாக்கெட்டை ஜன்னலோரம் உட்கார்ந்து காலி செய்தேன். நேற்று புதிதாக ஒன்றைப் பிரிக்கும்போது, நான் குடியிருக்கும் வீட்டுக்கார சரஸ்வதி அக்கா அதை வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த உப்பு ஒரு ஆளுக்கு உள்ள கணக்கு லா. மேல பாரு, ஒரு பாக்கெட் எட்டுப் பேருக்குன்னு போட்டிருக்கு. நீ ஒருத்தியேவா முடிக்கிற?"

அவர் போன பிறகும் அந்த எட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை. எதிர் பிளாக்கின் விளக்குகள் தண்ணீரில் மிதந்தன. மாமா, அத்தை, நீங்கள், கொழுந்தனார், பிள்ளைகள் மூவர், நான். சரியாக எட்டு. ஒவ்வொருவராக வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தீர்கள். சின்னவள் ஈரத்தலையோடு மடியில் ஏறிக்கொண்டாள்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் நம் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தைக் கொடுத்தனுப்புங்கள், அளந்து சாப்பிட. இங்கேயும் கிண்ணம் கிடைக்கும்தான். இருந்தாலும் அனுப்புங்கள்.

மறுபடி தூறுகிறது, ஜன்னலுக்கு வெளியே கம்பில் துணி காய்கிறது, ஓடுகிறேன். நேற்று என் பங்கை மட்டும் சாப்பிட்டேன். மீதி ஏழு பங்கையும் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். இன்று அதில் கை வைக்க மனம் வரவில்லை.

உங்கள்
ரோஷினி