அரைக் கட்டை

மார்ச் 3, வியாழன்

பாட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முகத்துக்கு நேராக.

பொல்தே ஆஸ்திரியாவுக்கு வேலைக்குப் போய்விட்டதால் "மலையடிவாரப் பையன்கள்" குழுவில் அக்கார்டியன் வாசிக்க ஆளில்லை. (பையன்களில் இளையவருக்கு நாற்பத்தொன்பது வயது.) ஒத்திகை முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்து, சமையலறையில் ஒயின் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கற்றுக்கொண்டு வாசிக்கிறேன் என்றேன். குழுத் தலைவர் லூட்விக், டிரம்பெட்டைத் துடைப்பதைக்கூட நிறுத்தவில்லை.

"நீ பாடு தங்கச்சி. நம்மூரு உடுப்பு, நெஞ்சில சிவப்புப் பூ. மேடைக்கே ஒரு களை வந்துரும்."

என் கணவன் சிரில் அந்தக் குழுவில் பேஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசிப்பவன். மேசையைப் பார்த்துக்கொண்டே, "நல்லாத்தானே பாடுற மரிங்கா" என்றான். அதோடு சரி.

பனி உறைந்த மலைப்பாதையில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறேன். ஊர்ப்பிள்ளைகள் அத்தனை பேரையும் என்னை நம்பித்தானே ஏற்றிவிடுகிறார்கள்? ஒரு பெட்டியை இழுத்து மூட எனக்கு வராதாமா?

மார்ச் 12

இத்ரியா ஊருக்கு மேலே ஒரு மலைவீட்டில் பெட்டி வாங்கினேன். பொத்தான் அக்கார்டியன், செர்ரி மரம். விற்றவர், "எந்தச் சுருதி வேணும்?" என்று கேட்டார். எல்லாம் தெரிந்தவள் போல, "எது கணீர்னு இருக்கோ அது" என்றேன். வாசித்துக் காட்டினார். கணீரென்றுதான் இருந்தது. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் வைத்து, பெல்ட்டும் மாட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மார்ச் 21

காலைச் சவாரி முடிந்து மதியம் பிள்ளைகளை ஏற்றும்வரை பஸ் என்னுடையது. கடைசி வரிசையில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறேன், கைபேசியில் ஒருவர் பாடம் நடத்துகிறார்.

இந்தப் பெட்டிக்கு ரெட்டை நாக்கு. அதே பொத்தான், துருத்தியை மூடினால் ஒரு ஸ்வரம், இழுத்தால் வேறொன்று. விரல் சரியாக இருந்தும் கை தப்பான திசையில் போனால் பாட்டே வேறு. துள்ளி ஆடும் போல்கா பரவாயில்லை, ஓடிவிடுகிறது. சுழன்று ஆடும் வால்ஸ்தான் கழுத்தை அறுக்கிறது. ஒன்றுக்கு அடி, இரண்டுக்கும் மூன்றுக்கும் தட்டு - மூன்றாவது தட்டு வருவதற்குள் காற்று தீர்ந்துவிடுகிறது.

ஏப்ரல் 6

காற்று தீரவில்லை! முழு வால்ஸ்!! ஒரு மாடு மட்டும் கேட்டது.

மே 2

சிரில் தோட்டத்தில் பீன்ஸுக்குக் குச்சி நட்டுக்கொண்டே, "விட்டுடேன். ஊர் சிரிக்கும்" என்றான்.

"சிரிக்கட்டும். வாய் அவங்களோடது."

"லூட்விக் என்ன சொல்வார்னு..."

"நீ அவருக்குப் பொண்டாட்டியா, எனக்குப் புருஷனா?"

குச்சியை ஓங்கி அடித்தான், ஒடிந்தது. அதற்கும் என்னைப் பார்த்தே முறைத்தான்.

ஜூன் 9, வியாழன்

எப்படி எழுத? எழுதித்தான் ஆகவேண்டும்.

ஒத்திகைக்குப் பெட்டியோடு போனேன். ஆகஸ்டில் தீயணைப்புப் படை விழா, மேடை ஒப்புக்கொண்டாயிற்று, வேறு அக்கார்டியன் கிடைக்கவில்லை. அதனால் லூட்விக் வேண்டாவெறுப்பாக, "சரி, எடு" என்றார். நான் தப்பில்லாமல் வாசித்தேன். அவர்களும் தப்பில்லாமல் வாசித்தார்கள். சேர்ந்து கேட்டால் - ஐயோ. வெளியே கட்டியிருந்த நாய் ஊளையிட்டது.

அரைக் கட்டை! அவர்கள் சுருதிக்கு என் பெட்டி அரைக் கட்டை கீழே. இந்தப் பெட்டிக்குத் தான் பிறந்த சுருதிகளை விட்டால் வேறு தெரியாது, கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. அந்த மலைவீட்டுக்காரர் அதைத்தான் கேட்டிருக்கிறார். கணீராம் கணீர்.

லூட்விக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "சுருதி கேக்காம பெட்டி வாங்கின ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன். வித்துட்டுப் பாட வா தங்கச்சி."

சிரிலும் சிரித்தான். கொஞ்சம்தான். ஆனால் சிரித்தான்.

ஜூன் 10

விக்க மாட்டேன். விக்க மாட்டேன். நான் ஏன் விக்கணும்? மூணு மாசம் தோள் கிழியக் கத்துக்கிட்டது இந்தப் பெட்டியில. அவங்க நாலு பேர் கையிலயும் எந்தச் சுருதியும் வாசிக்கிற வாத்தியம் இருக்கு. மாற முடியாதது என் பெட்டி மட்டும்தான். அப்போ யார் மாறணும்? இதச் சொன்னா எனக்குத் திமிராம். இருக்கட்டும்.

ஜூன் 16, வியாழன்

இன்றும் பெட்டியோடு போனேன். லூட்விக் என்னைப் பார்த்ததும் கூரையைப் பார்த்தார். நேற்று ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்தது போலவே கேட்டேன்: "ஒரு பாட்டு. என் சுருதியில ஒரே ஒரு பாட்டு வாசிச்சுப் பாத்தா என்ன குடி முழுகிடும்?"

பிறகு கிளாரினெட்காரர் விங்கோ எழுந்து போய்த் தன் காரிலிருந்து ஒரு வாத்திய உறையை எடுத்துவந்தார். உள்ளே இன்னொரு கிளாரினெட், வழக்கமானதைவிடக் கொஞ்சம் நீளம். நகரத்து ஆர்கெஸ்ட்ராவில் இருந்த காலத்தில் வாசித்ததாம்.

"இது அரைக் கட்டை கீழ. உன் சுருதி இதுல எனக்குத் தண்ணி பட்ட பாடு."

"போன வாரமே சொல்லியிருக்கலாமே விங்கோ அண்ணே!"

"யாரு கேட்டா?"

கிட்டார் வாசிக்கும் மதேய், சுருதி ஏற்ற கிட்டாரின் கழுத்தில் மாட்டியிருந்த கிடுக்கியைக் கழற்றித் தூர வைத்தான். சிரில் பேஸை அணைத்துக்கொண்டு நான்கு தட்டுத் தட்டினான், நின்றான், மறுபடி தட்டினான். அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். "வெறும் தந்தியே பேசுது. விரல் நோகவே இல்ல" என்றான், யாரிடமோ சொல்வது போல. இரவு அவனுக்கு மட்டும் சூப்பில் இரண்டு கரண்டி அதிகம் ஊற்றினேன்.

ஜூன் 23

டிரம்பெட்டுக்குத்தான் கஷ்டம், அது உண்மை. என் சுருதியில் லூட்விக்கின் விரல்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. இரண்டு போல்காவில் இடறினார். மூன்றாவதில் வாத்தியத்தை மடியில் போட்டார்.

"ஒரு பொம்பளைக்காக நாலு ஆம்பளைங்க சுருதி மாத்தணுமா?"

"நாலு இல்ல அண்ணே. மூணு பேர் மாறியாச்சு. நீங்க மட்டும்தான் பாக்கி."

கதவை அறைந்துகொண்டு போனார். நான் அடுத்த வால்ஸை ஆரம்பித்தேன். மூவரும் சேர்ந்துகொண்டார்கள்.

ஜூலை 19

லூட்விக் மூன்று வாரமாக ஒத்திகைக்கு வரவில்லை. இன்று சைக்கிளில் அவர் வீட்டைத் தாண்டும்போது வைக்கோல் கொட்டகையிலிருந்து டிரம்பெட் சத்தம். என் சுருதி! அதே இடத்தில் இடறி, கெட்ட வார்த்தை சொல்லி, மறுபடி முதலிலிருந்து. மணியடிக்காமல் மிதித்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

நேற்று விழா. தோள்பட்டை வீங்கியிருக்கிறது.

லூட்விக் வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, மேல்கோட்டு, என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு. நேராக மைக்குக்குப் போய், "இன்னைக்கு அக்கார்டியன்ல ஒரு புது ஆள். குத்தங்குறை இருந்தா ஊர்க்காரங்க பொறுத்துக்கணும்" என்றார். என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமாம்! அவர் அடுத்த வாக்கியத்துக்கு மூச்சை இழுப்பதற்குள் போல்காவை ஆரம்பித்துவிட்டேன். மைக்கை விட்டு ஓடி டிரம்பெட்டைத் தேடினார் மனிதர்.

ஆடுவதற்குப் போட்ட பலகைத் தளம் நிறைந்துவிட்டது. நான் ஒரு இடத்தில் துருத்தியைத் தப்பாகத் திருப்பினேன், ஆடுகிறவர்கள் கால் கவனிக்கவில்லை. போல்காக்களில் லூட்விக் நன்றாகவே வாசித்தார், கொட்டகை வீண்போகவில்லை. வால்ஸ் வந்தால் மட்டும் டிரம்பெட்டைக் கவிழ்த்து எச்சில் வடிப்பது போல நின்றுவிட்டார். ஒரு முறை வடிக்கலாம். ஒவ்வொரு வால்ஸுக்குமா?

இடைவேளையில் அவர் மனைவி யுஸ்தினா அக்கா, பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய கொழுக்கட்டையை ஒரு தட்டில் கொண்டுவந்து தந்தார். "முப்பது வருஷமா ஊரையே ஆட வெக்கிறார். என்னோட ஆடினது கல்யாணத்தன்னைக்குத்தான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

பெண்கள் அழைக்கும் சுற்றை எப்போது விடுவது என்பது குழுத் தலைவர் கையில். அந்தச் சுற்றில் பெண் யாரைக் கூப்பிட்டாலும் அவன் எழுந்து ஆடியாக வேண்டும், மறுத்தால் ஊர் அவனைச் சும்மா விடாது. இடைவேளை முடிந்ததும், யாரையும் கேட்காமல், மைக்கை என் பக்கம் இழுத்தேன்.

"இந்த வால்ஸ் பொம்பளைங்க கூப்பிடுற சுற்று! யாரை வேணா கூப்பிடலாம். மேடையில இருக்கறவங்களையும்!"

லூட்விக் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அதற்குள் யுஸ்தினா அக்கா ஏப்ரனைக் கழற்றி யார் கையிலோ கொடுத்துவிட்டு மேடைப் படியருகே வந்து நின்றார்.

"இறங்கி வாய்யா. இந்தப் பாட்டு உனக்கு வராதுன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. ஆடவாவது செய்."

தீயணைப்புப் படை முழுதும் விசிலடித்தது. டிரம்பெட்டை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினார். முதல் இரண்டு சுற்று மரம் போல நின்று திரும்பினார். பிறகு கால் பாட்டின் பேச்சைக் கேட்டது. நான் பாட்டை முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்கவில்லை. சிரில் என்னைப் பார்த்தான், நான் இல்லை என்று தலையாட்டினேன், அவன் பேஸைத் தொடர்ந்தான். மறுபடி முதலிலிருந்து. மறுபடியும். யுஸ்தினா அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 18, வியாழன்

ஒத்திகை. லூட்விக் வருவாரா என்று சிரிலும் நானும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தார். உட்கார்ந்தார். டிரம்பெட்டை எடுத்து என் பெட்டிக்குச் சுருதி சேர்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"செப்டம்பர்ல ஒரு கல்யாணம் ஒத்துக்கிட்டிருக்கேன். பொம்பளைங்க சுற்றுல மட்டும் வால்ஸை அவ்வளவு நேரம் இழுக்காத தங்கச்சி. முழங்கால் தாங்கல."

முடியாது என்று சொல்லிவிட்டேன்.