ஒன்பது மணி நேரம்

ஜூன் 8, ஞாயிறு

உறுதியான செய்தி: சபையில் இளைப்பாறுதல் முகாமுக்கு ஒரு குழு அமைந்துவிட்டது. அதன் செயலாளர் நான். சொன்னவர் ஆயர், அறிவிப்பு வாசிக்கும் நேரத்தில், எல்லார் முன்னிலையிலும். என்னிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை. இன்றைய பிரசங்கமும் ஓய்வைப் பற்றித்தான். படைத்தவரே ஏழாம் நாள் ஓய்ந்திருந்தாரே, நாம் மட்டும் ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறோம் என்று கேட்டார். நானும் தலையாட்டினேன்.

வாசலில் மகள் பிடித்துக்கொண்டாள். "ரெஸ்ட் எடுக்கிறதுக்கு ஒரு கமிட்டி, அதுக்கு எங்கம்மா செக்ரட்டரி. விளங்கிடும்." பதினைந்து வயது வாய்.

ஞாயிறு காலை முதியவர்களைச் சபை வேனில் ஏற்றி வருவது, பிறகு ஞாயிறு பள்ளி. புதன் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்ப்பது. வெள்ளி பெண்கள் ஐக்கியம். சனி பாடகர் பயிற்சி. இனி செவ்வாயும் வியாழனும் குழு. திங்கள் காலி. திங்கள் துணி துவைக்க வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

பஸ் டிப்போவில் இன்று சிரிப்பு. ஓட்டுநர்களில் ஒருவருக்கு 'ரெட்டை' என்று பெயர். எப்போதும் ரெட்டை டூட்டி கேட்பவர். கவுண்டரில் சாய்ந்துகொண்டு வரும் 18ஆம் தேதிக்கு அடி போட்டார். செவ்வாய் இரவு பதினொன்று பத்துக்குத் தன் வண்டியை விடுவாராம், புதன் காலை ஐந்து நாற்பதுக்கு இன்னொருவருடைய வண்டியை எடுப்பாராம். பதிலுக்கு அந்த ஆள் சனிக்கிழமை இவருக்காக ஓட்டுவார். சனிக்கிழமை இவர் மகளுக்குப் பட்டமளிப்பு.

"ஆறரை மணி நேரந்தான் வருது" என்றேன்.

"ஆறரை மணி நேரம் தூங்கினா நான் மாப்பிள்ளை மாதிரி வந்து நிப்பேன் மேடம்."

"ஒன்பது மணி நேரம் தூங்குங்க. ராஜா மாதிரி வந்து நிக்கலாம்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ரெட்டையும் சிரித்தார், கண் சிரிக்கவில்லை. பாவம்தான். ஆனால் பதினெட்டு வருடமாக இதுதான் என் வேலை. இரண்டு டூட்டிக்கு நடுவில் ஒன்பது மணி நேர ஓய்வு இல்லையென்றால் ஓய்வுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போடுவேன், ஓட்டுநர் வீட்டுக்குப் போவார். யாருக்கும் தளர்த்தியதில்லை.

மாலை குழுக் கூட்டம். இரண்டு மணி நேரம்.

ஜூன் 12, வியாழன்

மீண்டும் கூட்டம். முகாமின் நிகழ்ச்சி நிரலை நான்தான் எழுதினேன். காலை ஐந்தரைக்கு ஜெபம். ஆறரைக்கு வேத தியானம். பிறகு பாடல், பிரசங்கம், குழு விவாதம், சாட்சி, மறுபடி பாடல். கடைசியில் ஆயர் கேட்டார், "ஓய்வு எங்கம்மா?" தேடிப் பார்த்து எழுதினேன்: 2.00 முதல் 2.20 வரை.

யாரும் சிரிக்கவில்லை. பொருளாளர் மட்டும், "அந்த இருபது நிமிஷத்துல குரூப் போட்டோ எடுத்துடலாம்" என்றார். அதையும் எழுதினேன்.

ஜூன் 13, வெள்ளி

வீட்டுக்காரர் போனில்: "இன்னிக்குச் சாப்பாட்டுக்கு ரெண்டு பேரா, மூணு பேரா?" ரெண்டு என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

எழுதவா வேண்டாமா என்று மதியத்திலிருந்து யோசிக்கிறேன்.

காலை எட்டு ஐம்பது. வேனில் ஏழு பேர். நூலகத்துக்கு எதிரே உள்ள சிக்னலில் சிவப்பு விழுந்தது, நிறுத்தினேன். அடுத்து எனக்குத் தெரிந்தது பின்னால் ஒரு பஸ்ஸின் ஹாரன். எதிரே பச்சை. எவ்வளவு நேரமாகப் பச்சை? தெரியாது. காலை மட்டும் பிரேக்கிலிருந்து எடுக்கவில்லை. எடுத்திருந்தால்?

முன்சீட்டில் எப்போதும் தையல் டீச்சர்தான் உட்காருவார். ஓய்வு பெற்றவர், வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார். மெல்லக் கேட்டார், "ஜெபம் பண்ணிட்டிருந்தியா கண்ணு?"

ஆமாம் டீச்சர் என்றேன்.

அப்படியே சொல்லிவிட்டேன். யோசிக்கக்கூட இல்லை. கோயிலுக்குப் போகிற வழியில், ஜெபத்தின் மேல் ஏறி நின்று ஒரு பொய். பிறகு பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். என்ன பாடம் என்று இப்போது நினைவில்லை.

பதினோரு வருடம் ஒரு ஞாயிறும் தவறாமல் இந்த வேனை ஓட்டியிருக்கிறேன். நான் விட்டால் ஏழு பேர் வீட்டிலேயே கிடப்பார்கள். அதுதான் காரணமா? அல்லது 'அந்த அக்கா இல்லன்னா ஒண்ணும் நடக்காது' என்று பேசுவது காதில் விழுகிறதே, அதுவா?

ஜூன் 16, திங்கள்

ஹாரன் அடித்த பஸ் ரெட்டையுடையது.

கவுண்டரில் கூட்டம் குறையும்வரை காத்திருந்து வந்தார். "நேத்து பச்சை விழுந்து பதினஞ்சு செகண்ட் நின்னீங்க மேடம். மேல உக்காந்திருக்கேன்ல, கண்ணாடியில தலை சாஞ்சது அப்படியே தெரியுது."

பதிவேட்டை மூடினேன்.

"யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நான் அதை மறந்துடுறேன். நீங்களும் புதன்கிழமை ஒரே ஒரு தடவை மறந்துடுங்களேன்."

மிரட்டும் குரல் இல்லை அது. கெஞ்சும் குரலும் இல்லை. சக ஓட்டுநரிடம் பேசுவதுபோல் பேசினார்.

ஜூன் 18, புதன்

எழுதிவிட்டேன். நேற்றிரவு அவர் வண்டியை விட்ட நேரம் 11.10. பதிவேட்டில் 8.10 என்று போட்டேன். கையெழுத்து என்னுடையது. ஒன்பதரை மணி நேர ஓய்வு, தாளில்.

ஐந்து ஐம்பதுக்குப் பஸ் வெளியே போனது. அதிலிருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை போன் அடித்தபோதும் இரண்டாவது மணிக்கு முன் எடுத்தேன். ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினேன் — என்னவென்று கேட்பது? நான் போட்ட பொய்யைக் காப்பாற்றும் என்றா?

ஒன்று ஐம்பதுக்குத் திரும்பினார். பஸ்ஸில் ஒரு கீறல் இல்லை. ஸ்தோத்திரம் என்று வாய் தானாகச் சொன்னது. ரெட்டை நேராகக் கவுண்டருக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"மேடம், மூணாவது ட்ரிப்புல ஸ்கூல் ஸ்டாப்னு ஒண்ணு இருக்குல்ல. அதுல நிறுத்தினேனான்னு எனக்கு ஞாபகமே இல்ல."

கண்டக்டரிடம் கேட்டேன். நிறுத்தினாராம். பதினெட்டு பிள்ளைகள் ஏறினார்களாம்.

மருத்துவமனைக்குப் போகவில்லை. முதல் முறையாக.

ஜூன் 19, வியாழன்

தூக்கம் இல்லை. வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். யார் எதைச் சொன்னாலும் முதலில் எத்தனை நாளாக என்று கேட்பார். இன்றும் அதையே கேட்டார்.

"எத்தனை நாளா கண்ணு சொக்குது?"

"ரெண்டு மூணு மாசமா."

"என்கிட்ட சொல்ல உனக்கு நேரமில்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அழுதேன்.

மாலை கூட்டத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னேன். அதுவும் பாதிப் பொய்தான். இல்லை, பொய் இல்லை. உடம்பு சரியில்லைதான்.

ஜூன் 20, வெள்ளி

இரண்டு காரியம் நடந்தது.

காலை ரெட்டையிடம் முதலில் சொன்னேன், மேலாளரிடம் போகப்போகிறேன் என்று. "ஓ! இப்ப உங்களுக்கு மனசாட்சி வந்துடுச்சு. அதுக்கு நான் மாட்டணுமா?" என்றார். என் கையெழுத்தைப் பற்றித்தான் சொல்வேன் என்றேன். "அந்தப் பக்கத்துல யார் பேர் மேடம் இருக்கு?" அவர் கேட்டது நியாயம். அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மேலாளர் பதிவேட்டை விளக்குக்கு அடியில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "பதினெட்டு வருஷத்துல இது ஒண்ணுதானே. நீங்களா வந்து ஏம்மா இதைக் கெளர்றீங்க?"

"ஸ்கூல் ஸ்டாப்புல நிறுத்தினதே அவருக்கு ஞாபகமில்ல சார். அனுப்பினது நான்."

அவர் ஒரு தாளை எடுத்தார். விசாரணை முடியும்வரை நான் டிப்போவுக்கு வர வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்.

மாலை ஆயரின் அறை. மேசையில் வேன் சாவியை வைத்து, சிக்னலில் நடந்ததைச் சொன்னேன். உண்மையிலேயே பதறிப்போனார். ஆனாலும், "மாத்து ஆள் இல்லையேம்மா. முகாம் முடியுற வரைக்கும் கொஞ்சம் சமாளிச்சுக்கோங்க. இதுக்காக நாம பாரத்தோட ஜெபிப்போம்" என்றார்.

"ஜெபிக்கலாம் ஐயா. சாவி இங்கயே இருக்கட்டும்."

செயலாளர் பொறுப்பும் வேண்டாம், ஞாயிறு பள்ளிக்கும் மூன்று மாதம் வர இயலாது என்றேன். ஆயர் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே." சொல்லியிருக்கலாம். நீங்களும் கேட்டிருக்கலாம் என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஜூன் 21, சனி

ரெட்டையின் மகளுக்கு இன்று பட்டமளிப்பு. மாற்று ஆள் அவர் பஸ்ஸை எடுத்துவிட்டார். டிப்போவுக்குப் போன் செய்து தெரிந்துகொண்டேன். விழாவுக்குப் போனாரா என்று கேட்க எனக்கு முகமில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மூன்று பேரும் கோயிலுக்கு நடந்து போனோம். வேனை ஆயரே ஓட்டினார். ஆராதனை இருபத்தைந்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியது; என் கைக்கடிகாரத்தில் பார்த்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. யார் வரவில்லை என்று கண் எண்ணுகிறது. பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுக்கக் கை பரபரக்கிறது. மகள் என் முழங்காலைப் பிடித்து அழுத்தினாள். "அம்மா, காலை ஆட்டாதீங்க. பெஞ்சே ஆடுது."

வெளியே தையல் டீச்சரிடம் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நான் ஜெபம் பண்ணல டீச்சர். தூங்கிட்டேன்."

"தெரியும். குறட்டை கேட்டுச்சே. ரெண்டு மாசமா உன் கண்ணு சொக்குறதைப் பார்த்துக்கிட்டுதானே வரேன்."

"தெரிஞ்சும் இத்தனை வாரம் ஏன் என் வண்டியில ஏறினீங்க?"

"அப்புறம் யாரு பேச்சுக் குடுத்து உன்ன முழிக்க வைக்கிறது? தொண்டையே போச்சு எனக்கு." பிறகு சிரிக்காமல் சொன்னார், "நானும் தப்புதான் பண்ணேன். அப்பவே சொல்லியிருக்கணும்."

மதியம் படுத்தேன், எழுந்தேன். துணியை மடித்தேன். மடித்த துணியை மறுபடி மடித்தேன். வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரு."

"உக்காந்து?"

"உக்காந்து ஒண்ணும் இல்ல. உக்காரு."

ஜன்னலுக்குப் பக்கத்தில் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். பத்து நிமிடம் இருக்கும். நான் மூன்று முறை எழப்போனேன், மூன்று முறையும் நானாகவே உட்கார்ந்தேன்.

இன்னும் தெரியாதவை: வேனுக்கு நிரந்தர ஆள் யார் என்று சபை மூப்பர்கள் செவ்வாய் மாலை பேசுகிறார்கள், எனக்கு அழைப்பு இல்லை. டிப்போ விசாரணை வியாழன் காலை பத்து மணிக்கு. ரெட்டையும் வருவார், என்ன சொல்வார் என்று தெரியாது. என் வேலை இருக்குமா இல்லையா என்பது அன்று மாலைக்குள் எழுத்தில் வரும் என்கிறார் மேலாளர்.

அதுவரை நான் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. எழுதிவிட்டு, உண்மைதானா என்று பார்த்தேன். உண்மைதான்.

மதியம் மணி மூன்று இருபது. படுக்கப் போகிறேன்.