கொடி பிடித்து நின்ற படம்

பாறசாலை,
22-8-1954

அன்பு மக்கா ஜெயசிங்குக்கு அக்கா ரத்னபாய் எழுதுவது. ஆண்டவர் அந்தக் குளிரிலும் உன்னைச் சுகமாய் வைத்திருக்கட்டும். இங்கே நாங்கள் இருக்கிறோம் என்று மட்டும் சொல்லலாம்.

கோல்ஃப் மைதானங்களைப் படம் பிடித்து, எங்கெங்கே போய்ப் பார்க்கலாம் என்று நீ இங்கிலீஷில் புத்தகம் எழுதுவதைச் சபையில் சொன்னேன். "புல்லுக்கா போட்டோ?" என்று பக்கத்து வீட்டுச் சுகுமாரி விழுந்து விழுந்து சிரித்தாள். நம் பசு கேட்டிருந்தால் அதுவும் சிரித்திருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளை மதராஸோடு சேர்க்கச் சொல்லி நடந்த ஊர்வலத்தில் நம் தம்பி எலியா முன்னால் கொடி பிடித்துப் போனான். இப்போது அவன் பேரில் வாரண்டு உண்டு. இந்த மாதம் ஊர்வலக்காரர்கள் மேல் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு இங்கே வாலிபப் பிள்ளைகள் யாரும் வீடு தங்குவதில்லை. அவனை உன்னிடம் அனுப்புகிறேன். எல்லாம் அடங்கும்வரை வைத்துக்கொள்.

அம்மாவுக்குக் கண்ணில் திரை முற்றிவிட்டது. எலியாவின் சத்தம் கேட்காமல் சாப்பாடு இறங்காது. ஆனாலும், "அண்ணன்கிட்ட போகட்டு பிள்ளே, உயிரோட இருந்தா போரும்" என்கிறாள்.

உன் அன்பு அக்கா,
ரத்னபாய்

ஊட்டி,
12-9-1954

பிரியமுள்ள அக்காவுக்கு,

எலியா வந்து சேர்ந்தான். என் கம்பளிச் சட்டை இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, "எண்ணே, இது ஊரா, ஐஸ் பெட்டியா?" என்கிறான். வேட்டியை மட்டும் விடமாட்டேன் என்கிறான்.

தினமும் என் காமிரா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வருகிறான். இங்கே பந்து விழவேண்டிய குழியில் ஒரு கொடியை நட்டிருப்பார்கள். நேற்று ஒரு மேட்டில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். மைதானத்தின் அளவு தெரிய ஓர் ஆள் வேண்டுமே. பயல் நெஞ்சை நிமிர்த்தி நின்று சொல்கிறான்: "பாறசாலையில கொடி பிடிச்சா வாரண்டு, இங்க பிடிச்சா போட்டோ. நல்ல நாடாக்கும்!" சிரித்ததில் என் கை ஆடி ஒரு பிலிம் வீணானது. அடுத்தது அருமையாக வந்திருக்கிறது. அப்படியொரு சிரிப்பு.

அம்மாவிடம் சொல், கவலை வேண்டாம்.

உன் தம்பி,
ஜெயசிங்

பாறசாலை,
6-10-1954

தம்பி ஜெயசிங்குக்கு,

ஒரு வரி எழுதாமல் எலியாவை ஏன் திருப்பி அனுப்பினாய்? வீட்டுக்கு வரப் பயந்து வெள்ளறடையில் ஞானையன் மாமாவின் மரச்சீனிக்கிழங்கு விளையில், ஓலை வேய்ந்த ஒரு சின்னப் புரையில் கிடக்கிறான். மழை ஒழுகுகிறது. மூன்று நாளாய்க் காய்ச்சல். வெளியே தெரியுமென்று வைத்தியரையும் கூப்பிட விடமாட்டேன் என்கிறான்.

நான் ஒளிந்து போய்ப் பார்த்தேன். உன்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. "அண்ணனுக்கு அங்க பெரிய ஆளுக வருவாவ, நான் நிக்கது சரியில்ல" என்றான். பிறகு அந்தப் போட்டோவைப் பற்றியே பேச்சு. "புக்குல வருமாம் அக்கா. சீமையில உள்ளவனெல்லாம் என்னைப் பாப்பான்."

அவனைத் திரும்ப அழைத்துக்கொள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ரத்னபாய் அக்கா

ஊட்டி,
14-10-1954

அக்காவுக்கு,

கோபப்படாதே. புத்தகம் போடுகிற துரை கல்கத்தாவிலிருந்து வந்து என் வீட்டில்தான் தங்கினார். வாரண்டு உள்ள ஒருவனை வைத்திருப்பது தெரிந்தால் என் வேலை போய்விடும். பத்து வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை. நாளை கொழும்பு போகிறேன், அங்கே இரண்டு மைதானங்கள் பாக்கி. வந்ததும் நானே அவனை அழைத்துப் போக வாறேன். ஒரு மாதம் பொறு.

ஜெயசிங்

பாறசாலை,
9-11-1954

ஜெயசிங்குக்கு,

அந்தக் காய்ச்சலிலேயே எலியா போய்விட்டான். கொழும்புக்குத் தந்தி கொடுக்க உன் விலாசம் எங்களிடம் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். பெட்டியைத் தூக்க ஆண்பிள்ளைகள் நான்கு பேர்தான் வந்தார்கள்.

அவனுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு படம் கூட வீட்டில் இல்லை. அண்ணன் போட்டோக்காரன், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று இருந்துவிட்டோம். அம்மா சுவரில் ஆணி அடிக்கச் சொல்லிவிட்டாள். கொடி பிடித்து நின்ற அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு உடனே அனுப்பு. வேறொன்றும் உன்னிடம் கேட்கவில்லை.

ரத்னபாய்

ஊட்டி,
1-12-1954

அக்கா,

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். துரை இங்கே வருமுன்பே கல்கத்தாவுக்கு அனுப்பியிருந்த அந்தப் படம் அவருக்குப் பிடித்தது. ஆனால், "வேட்டி கட்டிய ஆள் எதற்கு? எடுத்துவிடு" என்று எழுதினார். பிலிமில் அவன் வேட்டியின் வெள்ளையை நான் கத்தியால் சுரண்டினேன். முகம் இருந்த இடத்தைப் பென்சிலால் தீற்றி மூடினேன். அவன் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். மறுநாள்தான் அவனை பஸ் ஏற்றினேன். இருந்த பிலிம் அது ஒன்றுதான்.

புத்தகத்துக்காகப் போட்ட படத்தையே இதோடு அனுப்புகிறேன். கொடிக்கு இடப்பக்கம் புல் கொஞ்சம் வெளிறியிருக்கும். அங்கேதான் அக்கா அவன் நின்றான்.

என்னைத் திட்டியாவது ஒரு கடிதம் எழுது.

ஜெயசிங்

பாறசாலை,
6-11-1956

ஜெயசிங்குக்கு,

இரண்டு வருஷமாக நீ எழுதியதெல்லாம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று எழுதியிருப்பதால் இதை எழுதுகிறேன்.

ஒன்றாம் தேதி நாட்டைப் பிரித்தாயிற்று. விளவங்கோடு மதராஸ் பக்கம் போய்விட்டது. நாம் இந்தக் கேரளப் பக்கம்தான். எலியா கொடி பிடித்தது நமக்கு ஆகவில்லை.

நீ அனுப்பிய படத்தைக் கண்ணாடி போட்டு அந்த ஆணியில் மாட்டியிருக்கிறேன். அம்மாவுக்கு இப்போது ஒன்றுமே தெரிவதில்லை. எலியா நடுவில் சிரித்துக்கொண்டு நிற்கிறான் என்று சொல்லிவிட்டேன். மாலை ஜெபம் முடிந்ததும் அவள் விரலைப் பிடித்துக் கண்ணாடியில் வைக்கிறேன். "கொடியச் சாய விடல்ல பாத்தியா எம் மக்கா" என்று தடவித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறாள்.

நீ வந்தால் என்னிடம் கேட்கமாட்டாள். "படம் பிடிச்சது நீதானே, எலியா எங்க நிக்கான், தொட்டுக் காட்டு" என்று உன்னிடம்தான் கேட்பாள்.

நான் தினமும் தொட்டுக் காட்டுகிறேன். உன் கையால் அது வேண்டாம். நீ வரண்டாம்.

ரத்னபாய்