மாற்றி மாட்டிய இரண்டு ஒயர்

மாப்ளே அமல்ராஜ், என் தங்கச்சி கட்டிய தங்கமே,

எழுதுகிறவன் உன் மச்சான்தான். எழுத்துப் பிழை இருந்தால் மேலே இருந்தே திருத்திக்கொள். அஞ்சாங்கிளாசைத் தாண்டாதவன் என்று உனக்குத் தெரியாதா?

நீ போன பிறகு ரெண்டு வருஷம் நம் மெஷின் பக்கமே நான் போகவில்லை. கம்ப்யூட்டர் சொல்கிற கோட்டில் பலகையைச் செதுக்க, உன் கோட்டூர்புரம் வீட்டுப் பின்னறையில் நாம் ரெண்டு பேரும் கட்டினோமே, அதுதான். இரும்பும் ஒயரும் என் வேலை, கம்ப்யூட்டர் உன் வேலை. போன மாதம் ஸ்டெல்லா போனில் அழுதாள். "அண்ணே, ஓட்டுனா ஓட்டு, இல்லன்னா எடைக்குப் போட்டுடு. பெட்ஷீட் போத்தி வச்சதப் பாத்தா அவரே படுத்துக்கினு கீற மாதிரி கீது."

எடைக்குப் போடுவதா? உன்னையா?

போனேன். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. பழைய கம்ப்யூட்டர்தான் உயிரை விட்டிருந்தது. நம் கடைசிச் சண்டையே அதைப் பற்றித்தானே. இந்தப் பெட்டி ரொம்ப நாள் தாங்காது, இலவச சாஃப்ட்வேர் ஒன்று இருக்கிறது, மாறிவிடலாம் என்றாய். எனக்கோ இங்கிலீஷ் வராது. பழைய ஸ்கிரீனில் பச்சை என்றால் ஓடும், சிவப்பு என்றால் நிற்கும் என்று இடம் பார்த்து மனப்பாடம் பண்ணியிருந்தேன். "நீ கீற வரைக்கும் எனக்கு இன்னா கவலை? நீ பூட்டா பாத்துக்கலாம்" என்று நக்கல் அடித்தேன். "சரி, வுடு மச்சான்" என்றாய், நெஞ்சைத் தடவிக்கொண்டே. அப்போதே வலி இருந்ததா? ஏன் சொல்லவில்லை? அடுத்த ஞாயிறு உன்னைக் கல்லறைக்குத் தூக்கிப் போனோம்.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கினேன். கடைக்காரர் மூன்று வழி சொன்னார். பழைய சாஃப்ட்வேரையே காசு கொடுத்துப் புதிதாக வாங்கலாம். சின்ன போர்டு ஒன்றை மாட்டி போனிலேயே ஓட்டலாம். இல்லையென்றால் நீ சொன்ன இலவசம். "போன்ல ஓட்டிக்கோ நைனா, உனக்கு அதான் ஈஸி. அந்த ஃப்ரீ சாஃப்ட்வேர்ல செட்டிங் ஆயிரம் கீது, மண்ட காஞ்சிரும்."

நீ சொன்னதையே கேட்டேன். காயட்டும். இத்தனை நாள் உன் மண்டையைத்தானே காயவைத்தேன்.

ஸ்டெல்லா ஒவ்வொரு பட்டனாக வாசிக்க, நான் தமிழில் எழுதி ஸ்கிரீன் ஓரத்தில் ஒட்டினேன். மூன்று ஞாயிறு போனது. கடைசியில் 'முன்னே வா' என்று அழுத்தினேன். மெஷின் பின்னே போய் மடாரென்று முட்டியது. "இன்னாண்ணே பண்ண?" என்று அலறினாள். கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"மோட்டார்ல ரெண்டு ஒயர மாத்தி மாட்டிக்கீற நைனா. பழைய சாஃப்ட்வேர்ல யாரோ திசையைத் திருப்பி வச்சி சமாளிச்சிக்கீறாங்க."

யாரோவா? ஒயரைத் தொட்டவன் நான் ஒருத்தன். கம்ப்யூட்டரைத் தொட்டவன் நீ ஒருத்தன்.

ஆறு வருஷம் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் "நம்ம ஒயரிங்ல ஒரு தப்பு காட்டு பாப்போம்" என்று மார்தட்டினேன். நீ பக்கத்தில் நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தாய். உன் வழுக்கை, உன் குறட்டை, நீ சைக்கிள் மிதிக்கிற அழகு, எதை விட்டுவைத்தேன் நான்? திருப்பி எறியக் கையில் கல் இருந்தும் ஒரு நாள்கூட நீ எறியவில்லையே, மாப்ளே.

மெஷின் மேலேயே தலையை வைத்து அழுதேன். ஸ்டெல்லாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "ஒயர்ல ஏதோ தப்புன்னு அவரு அப்பவே சொன்னாருண்ணே. 'மச்சான் கிட்ட சொல்லாத, பாவம், மூஞ்சி சின்னதாப் பூடும்'னாரு."

புதுசிலும் திசையைத் திருப்ப ஒரு டிக் போட்டால் போதும் என்றார் கடைக்காரர். நான் போடவில்லை. ஒயரைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரியாக மாட்டினேன். அழுத்தினேன். முன்னே வந்தது. நீ சொன்ன சாஃப்ட்வேர்தான் சரி. இதைச் சொல்ல எனக்கு ரெண்டு வருஷம் ஆகியிருக்கிறது பார்.

வாக்குக் கொடுக்கிறேன், மாப்ளே. ஞாயிறு பூசை முடிந்ததும் வந்து ஓட்டுவேன். பார்க்க யார் வந்தாலும், நான் தப்பாக மாட்டியதையும் நீ மறைத்ததையும்தான் முதலில் சொல்வேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நீ எனக்காக அடக்கிய சிரிப்பு அது.

உன்னிடம் தோற்ற மச்சான்,
ஸ்டெல்லாவின் அண்ணன் சேவியர்