என் கையில் மட்டும் நிற்கும் வண்டி

12-5-2004, புதன்

இன்றைக்கும் நின்றுவிட்டது. கொசப்பாளையத்தில், குணசுந்தரி வீட்டு வாசலில். நெய்து முடித்த சேலைகளை வாங்கிக்கொண்டு, அடுத்த சேலைக்கான பாவு நூலைக் கொடுத்துவிட்டு வந்து கார் சாவியைத் திருப்பினால் இருமல், பின்னால் கறுப்புப் புகை, பெட்ரோல் நாற்றம். அவ்வளவுதான். தெருவே வந்து நின்று பார்த்தது. எங்கள் சேலைக் கடைக்குப் போன் செய்தேன். என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் சாவகாசமாக வந்தார். உட்கார்ந்தார், திருப்பினார், கிளம்பிவிட்டது!

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கிளட்ச் மேலயே கால வெச்சுகினு ஓட்டுனா வண்டி இன்னா பண்ணும்?" என்றார், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். எனக்கு எரிவது அதுதான்.

14-5-2004, வெள்ளி

வண்டி நேற்று முழுக்க மெக்கானிக் ஜெயவேல் பட்டறையில் கிடந்தது. இன்று காலையில் பார்த்தாராம். ஒரு குறையும் இல்லையாம். பிளக் கறுத்திருக்கிறது என்று மாற்றினார். போன மாதம் பெட்ரோல் பம்பை மாற்றினார். வேலூரில் கம்ப்யூட்டர் வைத்துப் பார்த்தவர்களும் எல்லாம் சரி என்றே அனுப்பினார்கள். பெட்ரோல் நாறுகிறது, புகை வருகிறது என்று நான் சொல்வதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கிளம்பும்போது ஜெயவேல் தயங்கித் தயங்கிக் கேட்டார், கிளட்ச் மேல் காலை வைத்தபடி ஓட்டுகிறீர்களா அக்கா என்று. யார் சொல்லிக்கொடுத்த கேள்வி என்று எனக்குத் தெரியாதா?

17-5-2004, திங்கள்

செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். கிளட்ச்சைத் தேவையில்லாமல் தொடவே இல்லை. கண்ணமங்கலம் ரோட்டில் ஒரு நெசவாளர் வீடு, அதை முடித்துக்கொண்டு இன்னொரு வீடு. அங்கே நின்றது.

18-5-2004

ஒருவேளை நான்தானோ?

21-5-2004, வெள்ளி

வண்டியை விற்கப் போகிறாராம். களம்பூர் ரைஸ்மில் ராமதாஸ் ஜூன் ஆறாம் தேதி வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். எனக்குச் சொன்னதே சாப்பாட்டு வேளையில், ஊறுகாய் கேட்கிற குரலில். அதுவரை சேலை வாங்கிவர இவரே போவாராம். அப்புறம் ஒரு ஆளைப் போட்டுக்கொள்வாராம். நான் வீட்டில் நிம்மதியாக இருக்கலாமாம்.

நிம்மதி! கல்யாணமாகி இத்தனை வருஷம் அந்த நிம்மதியில்தானே இருந்தேன். முன்னால் இருந்த டிரைவர் வேலையை விட்டுப் போனபோது, நானே கற்றுக்கொள்கிறேன் என்று அடம்பிடித்து லைசென்ஸ் வாங்கினேன். பாவு கொடுப்பது, சேலை வாங்குவது, எந்த வீட்டில் எந்த நிறம் தறியில் ஓடுகிறது என்று பார்ப்பது — மூன்று வருஷமாக இதெல்லாம் என் வேலை. காலையில் சாவியைக் கையில் எடுக்கும்போது எனக்கு வருகிற சந்தோஷத்தை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். வண்டி போனால் இது அத்தனையும் போய்விடும்.

24-5-2004, திங்கள்

இன்று இவரே எல்லா வீட்டுக்கும் ஓட்டிக்கொண்டு போனார். எங்கேயும் நிற்கவில்லை. திரும்பி வந்து சாவியை ஆணியில் மாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

26-5-2004, புதன்

குணசுந்தரிக்கு முந்தானை நிறத்தில் ஒரு சந்தேகம். ஆட்டோவில் போனேன். ஏன் வண்டி எடுக்கவில்லை என்று கேட்டாள். சொன்னேன். அவரிடம் மட்டும் எப்படித்தான் நிற்காமல் ஓடுகிறதோ என்று அலுத்துக்கொண்டேன்.

"அவரு எங்கக்கா நிறுத்தறாரு? வாசல்ல வண்டி உறுமிகினே இருக்கும், ஆரன் அடிப்பாரு, நான் ஜல்தியா ஓடிப்போய் ஜன்னல் வழியா சேலையக் குடுப்பேன். நீங்கதான் உள்ள வந்து குந்தி, தண்ணி குடிச்சுட்டுப் போறீங்க" என்றாள்.

ஏதோ கேலியாகச் சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டாள். நான் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரைக் கீழே வைத்தேன்.

அவர் எஞ்சினை அணைப்பதே இல்லை! நான் வீட்டுக்கு வீடு அணைக்கிறேன். ஓடிச் சூடான எஞ்சின், மூடியிருக்கிற பானெட், மேலே இந்த வெயில் — கால் மணி நேரம் உள்ளேயே வேகிறது. அவர் வேலூர் போனாலும் அரை நாள் நிறுத்திவிடுவார், ஆறிப்போகும். பட்டறைக்குப் போகும்போதும் ஆறித்தான் போகிறது. ஒருத்தரும் அதைச் சூட்டோடு பார்க்கவே இல்லை.

27-5-2004, வியாழன்

சொன்னேன். தனக்கு வேறு வேலை இல்லையா என்கிறார் இவர். நான் விடவில்லை. ஒரே ஒரு தரம், நீங்களே ஓட்டுங்க, நான் தொடவே மாட்டேன், வீட்டுக்கு வீடு அணைச்சுட்டு உள்ள போய் உக்காருங்க, அப்பவும் ஓடுச்சுன்னா வித்துடுங்க, நான் வாயே தொறக்க மாட்டேன்னு கத்திட்டேன். மாமியார் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்.

கடைசியில் இவர் சனிக்கிழமை வருகிறேன் என்றார், இந்தப் பேஜார் ஒழிந்தால் போதும் என்று.

ஓடிவிட்டால்? என்ன வாக்குக் கொடுத்துத் தொலைத்தேன்?

29-5-2004, சனி

முதல் வீட்டு வாசலில் அவர் கை தானாக ஆரனுக்குப் போனது. அணைத்துவிட்டு இறங்குங்கள் என்றேன். இறங்கினார். சேலையை வாங்கிய கையோடு வெளியே வந்து திருப்பினார், கிளம்பியது. இரண்டாவது வீட்டிலும் அப்படியே. உதட்டோரம் ஒரு சிரிப்பு வைத்திருந்தார்.

மூன்றாவது, குணசுந்தரி வீடு. அவள் நெய்த சேலையை இத்தனை வருஷமாக விற்கிறவர், உள்ளே நுழைந்து தறி எந்தப் பக்கம் என்று தேடினார். நாற்காலி போட்டாள். காபி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினார்.

இருமல். கறுப்புப் புகை. பெட்ரோல் நாற்றம். அந்த நாற்றம் எனக்கு இவ்வளவு இனிக்கும் என்று நினைக்கவே இல்லை.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெரு கூடிவிட்டது. எதிர்வீட்டு முனியம்மா, "கிளட்ச் மேல கால வெச்சுகினு ஓட்டறாரோ இன்னாவோ" என்றாள். இவருக்குக் காது சிவந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை. சரி, கொஞ்சம் சிரித்தேன்.

சூடு ஆறுவதற்குள் வரச் சொல்லி ஜெயவேலைக் கூப்பிட்டேன். பைக்கில் பறந்து வந்தார். பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் நனைந்து கரியாக இருந்தது. துடைத்துப் போட்டுவிட்டு, எஞ்சின் மேல் இருந்த ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். திருப்பச் சொன்னார். தடதடவென்று ஆடிக்கொண்டே ஓடியது. ஒயரை மாட்டினார், நின்றது. கழற்றினால் ஓடுகிறது, மாட்டினால் நிற்கிறது. குணசுந்தரியிடம் ஈரத்துணி வாங்கி அந்தப் பெட்டி மேல் போர்த்தி, ஆறவிட்டு மறுபடி மாட்டினார். இப்போது ஒழுங்காக ஓடியது.

"ப்ரஷர் சென்சார்க்கா. எஞ்சின் எவ்ளோ காத்து இழுக்குதுன்னு அளந்து சொல்லணும். சூடு ஏறுனா இது பொய் சொல்லுது. காத்து நெறையக் கீதுன்னு நம்பி எஞ்சின் பெட்ரோல அள்ளி ஊத்துது" என்றவர், என்னைப் பார்க்காமல், "நீங்க அப்பவே நாறுதுன்னு சொன்னீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

30-5-2004

கூடம் கோணல்தான்.

3-6-2004, வியாழன்

புது சென்சார் வந்து மாட்டியாகிவிட்டது. மத்தியான வெயிலில் வேண்டுமென்றே எட்டு இடத்தில் அணைத்து அணைத்துக் கிளப்பினேன். ஒரு இடத்திலும் இருமவில்லை. ஆனால் ராமதாஸை வர வேண்டாம் என்று இவர் இன்னும் சொல்லவில்லை. இப்போது நல்ல விலை போகுமே! நான் கேட்கவும் இல்லை. ஏன் கேட்கணும்? எத்தனை தரம்தான் கெஞ்சறது?

6-6-2004, ஞாயிறு

ராமதாஸ் வந்தார். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் இவர் கதை சொல்வது கேட்டது. வண்டியைத் தான் வீட்டுக்கு வீடு அணைத்துப் பார்த்தாராம், சூட்டோடு பிடித்தால்தான் தெரியும் என்று தனக்குத் தோன்றியதாம், மெக்கானிக்கே அசந்துபோனானாம். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். கையில் இருந்தால் நல்லதில்லை என்று.

ராமதாஸ் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து என்ன விலை என்று கேட்டார்.

இவர் வெளியாட்களிடம் என்னை 'வீட்டுல' என்றுதான் சொல்வார். என் பேரை மூன்றாம் மனிதரிடம் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"அது சுகன்யா வண்டிங்க. அவங்களத்தான் கேக்கணும்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கண்ணில் தண்ணீர், வெங்காயம்தான். விற்கிற எண்ணம் இல்லைங்க என்றேன். ராமதாஸ் காபி குடித்துவிட்டுப் போனார்.

நாளைக்குக் கொசப்பாளையத்தில் மூன்று சேலை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுக்கிறார்கள். காலையில் போகணும்.